தராசுக்காரரின் வெறுங்கால்

எங்கள் தலைக்கு மேல் மாடியில் குடியிருந்தவருக்குக் கடைத்தெருவில் 'தராசு' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவர் தெருமுனை திரும்பியதும்தான் அந்தப் பெயர் வெளியே வரும். எடை அளவு சோதனை அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. மரப்பெட்டி ஒன்றில், வெல்வெட் துணி தைத்த குழிகளுக்குள் பித்தளை எடைக்கற்களை அடுக்கிக்கொண்டு அலுவலக ஜீப்பில் வந்து இறங்குவார். கடைக்காரரின் தராசில் தன் கல்லை வைப்பார். முள் சொல்வதைத்தான் கேட்பார். கடைக்காரர் சொல்வது காதில் விழாது.

வாலிபத்தில் சேர்ந்த வேலை. தலை நரைக்கிறவரைக்கும் அதையே பார்த்தால் மனுஷன் என்ன ஆவான்? எதையும் நம்ப மாட்டாத ஆளாகிவிட்டார். கடையில் நிறுத்து வாங்கிய அரிசியை வீட்டில் மறுபடி நிறுப்பார். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார், கைக்கடிகாரத்தை ரேடியோவோடு ஒத்துப் பார்ப்பார். ரேடியோவை எதோடு ஒத்துப் பார்ப்பது என்று தெரியாததுதான் அவருக்கு இருந்த ஒரே குறை.

ஒரு தடவை அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவருக்குச் சர்க்கரை அளவு தாண்டியிருக்கிறது என்று அங்கே இருந்த பெண் சொல்லியிருக்கிறாள்.

"இந்த மெஷினை யார் சோதிச்சாங்க? முத்திரை எங்க?" என்று கேட்டாராம்.

அந்தப் பெண் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முழித்தாளாம். "முத்திரை இல்லாத மெஷின் சொல்றதை நான் ஏன் கேக்கணும்?" என்று எழுந்து வந்துவிட்டார். இதை அவரே மாடிப்படியில் நின்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் அவரை அக்கா என்போம். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைத்து, கடுகைவிடப் பொடியான திருகாணிகளை முடுக்குகிற வேலை. அக்கா அதிகம் பேச மாட்டார். ஆனால் கீழே நிற்கிற என் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பதை மாடியிலிருந்தே பார்த்துவிடுவார்.

அந்த வருஷம் தராசுக்காரருக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது. சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றியதும் வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் சுருக்கென்று குத்தும். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் காலைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் ஷூவைச் சந்தேகப்பட்டார். அந்த ஷூ அக்காவின் தம்பி கடையில் வாங்கியது என்பதால் சந்தேகம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாளைத் தரையில் விரித்து அதன்மேல் நின்று, தன் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு ஷூவை அதே கோட்டின்மேல் வைத்து இன்னொரு கோடு போட்டார். ஷூவின் கோடு பாதத்தின் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. முன்பக்கம், விரல்கள் விரிகிற இடத்தில், இரண்டு பக்கமும் பாதம் ஷூவை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? அளவுல மோசடி" என்றார்.

அக்கா எட்டிப் பார்த்தார். கோடுகள் பொய் சொல்லவில்லை. "அவனா தைக்கிறான்? கம்பெனியில இருந்து வர்றதை விக்கிறான்" என்றார்.

"தப்புக் கல்லை வச்சிருக்கறவனும் இதையேதான் சொல்லுவான். நான் செய்யல, வாங்கினேன்னு."

அன்றைக்கே அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மச்சான் சிரித்த முகக்காரர். "வாங்க அத்தான், உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தராசுக்காரர் உட்காரவில்லை. தாளைக் கல்லாமேல் விரித்தார்.

"இது என் கால். இது நீ குடுத்த ஷூ. எதுடா பெரிசு?"

மச்சான் பார்த்தார். "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் அத்தான் செய்யறாங்க. முன்பக்கம் ஒடுக்கமா இருந்தாத்தான் பாக்க அழகா இருக்கும். ஜனங்க அதைத்தானே கேக்கறாங்க?"

"அப்ப எல்லாரும் சேர்ந்து ஏமாத்தறீங்க."

"அத்தான், கடையில நாலு பேர் இருக்காங்க..."

"இருக்கட்டும். அவங்க காலையும் அளந்து பாக்கட்டும்."

அங்கேயே குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றிக் கல்லாமேல் வைத்தார். மேஜோடுகளைச் சுருட்டி அதற்குள் திணித்தார். வெறுங்காலோடு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் காலில் எதையும் போடவில்லை.

முதலில் சிரமப்பட்டார். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் கொக்கு மாதிரி காலை மாற்றி மாற்றித் தூக்கி நடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. ஆனால் பிடிவாதக்காரர், விடவில்லை. போகப் போகக் குதிகாலை ஓங்கி வைப்பதை விட்டு, பாதத்தை மெல்லப் பதித்து நடக்கக் கற்றுக்கொண்டார். உள்ளங்கால் தோல் தடித்தது. பதுங்கியிருந்த சுண்டுவிரல் வெளியே வந்தது. குத்திக்கொண்டிருந்த குதிகால் அடங்கியது. இடுப்பு வலிகூடக் குறைந்துவிட்டது என்றார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, வலது காலைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பிமேல் வைத்தார்.

"பாருங்க தம்பி. அஞ்சும் தனித்தனியா நிக்குது. இத்தனை வருஷம் கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க."

உண்மைதான். விசிறி மாதிரி விரிந்திருந்தது.

இது நடந்துகொண்டிருக்கும்போது ஊரும் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. கடையில் வாங்கிய ஷூவை மச்சானே பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டார் என்று ஒரு பேச்சு. வியாபாரிகள்தான் ரொம்பக் கலங்கிப்போனார்கள். முன்பெல்லாம் அவர் ஷூ நாலு கடை தள்ளி வரும்போதே கறக் கறக் என்று சத்தம் போடும். கல்லை மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம். இப்போது நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்கிறார். பழக்கடைக்காரர் ஒருவர் அலுவலக ஜீப் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"உண்மையைச் சொல்லுப்பா. எங்களைப் பிடிக்கத்தானே இந்தப் பூனை நடை?"

டிரைவருக்கே தெரியாது. "சாருக்குக் கால்ல காத்து படணுமாம்" என்று சொல்லி வைத்தார். அதை யாரும் நம்பவில்லை.

மேலதிகாரி கூப்பிட்டு, நாளையிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று இவர் கேட்டார். அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். சட்டையைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும் இருந்தது, காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. மாடியில் அவர் நடப்பது எங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது. ஆள் இருக்கிறாரா, இல்லையா, நேரே எங்கள் தலைக்கு மேல் நிற்கிறாரா என்றே தெரியாது. என் மனைவி அவர்களைப் பற்றி ஏதாவது சொல்வதாக இருந்தால் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்த ஆரம்பித்தாள்.

அவரைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை எனக்கு. ஒரு விடுமுறை நாளில் செருப்பை வீட்டில் விட்டுவிட்டு அவரோடு நடக்கக் கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்புகிற இடத்தில் வழியெல்லாம் ஜல்லி கொட்டிக் கிடந்தது. நான் ஆவென்றும் ஊவென்றும் துள்ளிக்கொண்டு தாண்டினேன். அவர் அதே ஜல்லிமேல் கம்பளம் விரித்ததுபோல் நடந்துபோய் அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"வலிக்கலையா அண்ணே?"

"பழக்கம் தம்பி. எரிச்சல் போச்சு, வலி போச்சு. ஒண்ணுமே தெரியல."

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் சொன்னதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்படி எடுத்துக்கொள்ளாதவர் அக்கா ஒருவர்தான். பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னது இது. குளித்துவிட்டு அவர் ஈரக்காலோடு கூடத்துக்கு வருவார். தரையில் தடம் விழும். வலது பாதத் தடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இடது தடத்தில் பெருவிரலுக்குக் கீழே, உருண்டையாகப் பதிய வேண்டிய இடத்தில், நடுவில் ஒரு புள்ளி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. தண்ணீர் காய்ந்த பிறகும் அந்தப் புள்ளி காயவில்லை. அக்கா விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"ஏங்க, கால்ல ஏதாவது குத்திச்சா?"

"இல்லையே."

"காலைக் காட்டுங்க."

"எதுக்கு?" அவர் கண் சுருங்கியது. "உன் தம்பி என்ன சொன்னான்?"

"அவன் எங்க வந்தான் இதுல?"

"வருவான். காலைக் காட்டுன்னு நீ ஆரம்பிப்ப. புண்ணு இருக்குன்னு சொல்லுவ. ரெண்டு நாள் கழிச்சு அவன் ஒரு ஷூவைத் தூக்கிட்டு வருவான். எனக்குத் தெரியாதா?"

அக்கா மனதில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். கல்யாணமான புதிதில் தெரியாமல் கால் பட்டாலே கட்டிலை விட்டு எழுந்து நிற்பாராம். மறுநாள் மத்தியானம் அவர் எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் முகத்தை மறைத்திருந்தது. அக்கா தன் கைப்பையிலிருந்து லென்ஸ் தூசி தட்டுகிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். குனிந்து, அவர் வலது உள்ளங்காலில் மேலிருந்து கீழாக ஒரு இழு இழுத்தார். அசைவில்லை. இடது காலில் இழுத்தார். அதுவும் அசையவில்லை. திருகாணி முடுக்குகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனையால் மெல்ல அழுத்தினார். பேப்பருக்குப் பின்னால் அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, விளையாட்டுச் செய்தி படிக்கப் போனார்.

அக்கா நிமிர்ந்தார். "ஏங்க" என்றார். "இப்ப நான் உங்க காலைத் தொட்டேன். தெரிஞ்சுதா?"

அவர் பேப்பரை இறக்கினார். "நீ தொடல."

"தொட்டேன். பிரஷ்ஷால, அப்புறம் இதால."

"சும்மா சொல்ற."

"சரி, கண்ணை மூடுங்க. மறுபடி தொடறேன்."

"எங்க கண்ணை மூடச் சொல்றாங்களோ அங்கதான் எடை குறையும். எத்தனை கடை பாத்திருக்கேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் முகம் பார்க்கிற கைக்கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துவந்து தரையில் அவர் காலுக்கு அடியில் மல்லாத்தி வைத்தார். "என்னை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க."

அவர் காலைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேல் பிடித்தார். இடது பெருவிரலுக்குக் கீழே மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. அதன் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஈரம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"அது உங்களுக்கில்ல தெரியணும்?"

கால் மருத்துவர் ஒரு பெண்மணி. அவருடைய அறைக்குள் நுழைந்ததும் தராசுக்காரர் முதலில் பார்த்தது மூலையில் அடுக்கியிருந்த விசேஷச் செருப்புகளைத்தான். அக்காவின் காதில், "பாத்தியா, இங்கயும் கடை போட்டிருக்காங்க" என்றார். மருத்துவருக்கும் அது கேட்டிருக்கும். அவரைப் படுக்க வைத்து, காய்ப்பைக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். சீவச் சீவச் சீழ் வந்தது. கடைசியில் இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பற்றி இழுத்துப் பீங்கான் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. தட்டைத் தலையோடு ஒரு சின்ன ஆணி.

அவர் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். "இது உள்ள இருந்து வந்துச்சா, உங்க தட்டுலயே இருந்துச்சா?"

"ஏங்க!" என்றார் அக்கா.

"இரு. இது செருப்பு ஆணி. அடிப்பாகத்துல அடிக்கிறது. இது எங்க இருந்து வரும்? உன் தம்பி கடைய விட்டா வேற எங்க இருக்கு?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "என் தம்பி உங்க கால்ல ஆணி அடிச்சானா? சொல்லுங்க. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

மருத்துவர் குறுக்கிட்டார். "ஆணி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. இது குத்தி வாரக்கணக்கா ஆகியிருக்கும். இதுமேலதான் நடந்திருக்கீங்க. எப்படி உங்களுக்குத் தெரியாம போச்சு?"

மருத்துவர் ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை ஒன்றை எடுத்தார். பிரஷ் முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். "கண்ணை மூடிக்குங்க. தொடும்போது தொடுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடுவதற்கு முன்னால் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூடினார்.

"தொடுது" என்றார்.

"நான் இன்னும் கையையே எடுக்கல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இப்ப தொடுது" என்றார். அப்போதும் இல்லை. அவர் பேசாமல் இருந்தபோதெல்லாம் இழை அவர் பாதத்தில் வளைந்து வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கணும்" என்றார் மருத்துவர். "முதல்ல எரிஞ்சுதே, அது நரம்பு கத்தினது. எரிச்சல் நின்னுதுன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்க. நரம்பு கத்தறதை நிறுத்திடுச்சு. வெறுங்கால்ல நடந்ததால உங்க பாதத்துக்கு நல்லதும் நடந்திருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. விரலெல்லாம் நல்லா விரிஞ்சிருக்கு, தசை பலமா இருக்கு. உணர்ச்சி இருக்கிற காலா இருந்தா நடங்கன்னுகூடச் சொல்லுவேன். ஆனா உணர்ச்சி இல்லாத கால் வெறுமனே தெருவுல போகக் கூடாது. ஆணி குத்தினா உங்களுக்கு யார் சொல்லுவா?"

அவர் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எவ்வளவு அழுத்தினா வளையும்?"

"பத்து கிராம்."

"யார் சொன்னது?"

மருத்துவர் முதல் தடவையாகச் சிரித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து அதே மாதிரி இன்னொரு இழையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உங்க வேலை அதுதானாமே. நிறுத்துப் பாத்துட்டு வாங்க."

வீடு திரும்புகிற வழியெல்லாம் அக்கா அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தார், மாத்திரை கொடுத்தார், பேசவில்லை.

காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும் மறுநாள் காலை ஜீப்பை வரவழைத்து, டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி அலுவலகத்துக்குப் போய்விட்டார். சோதனை அறையில் நுட்பமான மின்தராசு ஒன்று உண்டு. எதையும் நிறுப்பதற்கு முன்னால் தராசையே சோதிக்க வேண்டும், அது அவர் வழக்கம். தன் மரப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திறந்தார். சின்னக் கல்லை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

பெட்டிக்குள் வெல்வெட் துணி ஒரு மூலையில் விலகித் தொங்கியது. துணியைச் சுற்றிலும் தட்டைத் தலை ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. அந்த மூலையில் ஆணி இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது.

"சார், என்ன ஆச்சு?" என்றார் டிரைவர்.

அவர் கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்தார். பிறகு நைலான் இழையைத் தட்டின்மேல் செங்குத்தாகப் பிடித்து மெல்ல அழுத்தினார். எண்கள் ஏறின. இழை வளைகிற இடத்தில் பத்துக்கு வந்து நின்றன. மறுபடி அழுத்தினார். பத்து. தராசை அணைத்துப் போட்டு மறுபடி அழுத்தினார். பத்துதான்.

டிரைவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்: "ரொம்ப நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் டாக்டர் போடச் சொன்ன மேஜோட்டை வலது கால்ல இருந்து கழட்டினாரு. 'நீ தொடுப்பா'ன்னு அந்த இழையை என் கையில குடுத்தாரு. கண்ணை அவராவே மூடிக்கிட்டாரு. நான் நாலஞ்சு இடத்துல தொட்டேன். ஒரு இடத்துலகூடச் சொல்லல. எனக்கே அழுகை வந்துருச்சு."

அன்று சாயங்காலம் தராசுக்காரர் தானே போன் செய்து மச்சானை வீட்டுக்கு வரச் சொன்னார். அக்கா சமையல் அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. மச்சான் வந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் கடையில ஆணி வச்சிருக்கியா?" என்று ஆரம்பித்தார் தராசுக்காரர்.

"ஆணியா? இப்ப யார் அத்தான் ஆணி அடிக்கிறாங்க? எல்லாம் பசைதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஆணி என் பெட்டியில இருந்து விழுந்தது. நான்தான் உன்னைச் சொல்லிட்டேன். டாக்டர் முன்னால, உங்க அக்கா முன்னால சொல்லிட்டேன்."

சமையல் அறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மச்சான் தலையைச் சொறிந்தார். பிறகு, "ஷூ விஷயத்துல நீங்க சொன்னது நெசம் அத்தான்" என்றார். "நீங்க போனதுக்கப்புறம் நானும் என் காலை அளந்து பாத்தேன். எனக்கும் வெளியில பிதுங்குது. அன்னைக்குக் கடையில சொல்லிட்டுப் போனதுல இருந்து காலை அளக்க ஆளாளுக்குத் தாளைக் கேக்கறாங்க."

"அகலமா தைக்கிற இடம் ஏதாவது இருக்கா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா காபி கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தார். அப்போதுதான் பேசினார். "சூடா இருக்கு. கால்ல ஊத்திக்காதீங்க, தெரியாது உங்களுக்கு" என்றார் கணவரிடம்.

கதை அதோடு சுகமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. சீழ் எலும்புவரை போயிருந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பெருவிரலை எடுத்தால்தான் பாதம் தப்பும் என்று ஆகிவிட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, அதில் தன் பெயர் இருக்கிறதா, இடது கால்தானா என்று அவர் பார்த்தார். "வேற ஆள் படமா இருக்கக் கூடாது பாருங்க" என்றார். மருத்துவர் கோபப்படவில்லை. பெயரையும் இடது பக்கக் குறியையும் விரல் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது போர்வையை விலக்கிக் காட்டினார். மற்ற நாலு விரலும் விரிந்தபடியே இருந்தன. "எடுத்தப்பகூடப் பெரிசா வலிக்கல தம்பி. அதுதான் பயமா இருக்கு" என்றார். அவர் பயம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

புண் ஆற வெகு காலம் பிடித்தது. அதற்குள் மச்சான் எங்கெங்கோ அலைந்து, பாதத்தின் அளவுக்கே அகலமாகத் தைக்கிற ஒருவரைப் பிடித்தார். முன்பக்கம் தாராளமான ஷூ, விரல் போன இடத்தில் மெத்தை வைத்தது. இப்போது ஒவ்வொரு நாளும் போடுவதற்கு முன்னால் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறார். சந்தேகப்பட அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கினார். அதைச் சரிபார்க்க இன்னொன்று வாங்க வேண்டும் என்றார், அக்கா விடவில்லை. ஆனால் மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. சாயங்காலம் அக்கா அவர் இரண்டு உள்ளங்காலையும் விளக்கடியில் வைத்து, லென்ஸில் கீறல் தேடுவதுபோல் தேடுகிறார். "நல்லாப் பாத்தியா?" என்று அவர் கேட்பது எங்கள் வீடுவரை கேட்கும்.

கறக் கறக் சத்தம் மறுபடி எங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டது. கடைத்தெருவுக்கும் நிம்மதி.

போன வாரம் காலையில் பூங்காவுக்குப் போனேன். இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்த அகல ஷூவோடு சிமெண்ட் பாதையில். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் புல்தரையில். கொஞ்ச தூரம் வந்தவர் நின்று, அக்காவின் காலைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஈரமா, ஜில்லுன்னு இருக்கு. ஓரத்துல மட்டும் லேசாக் குத்துது."

அவர் தலையாட்டினார். குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த ஓரம்?" என்றார்.

"வேலிப் பக்கம்."

"அப்ப இப்படி வா" என்று அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.